அந்தத் தாலாட்டை நான்தான் நிறுத்தினேன்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் வாத்தியக் குழு நடத்தினேன். விழா ஒன்றுக்காக, கிளாரினெட் வாசிக்கும் மூன்று பிள்ளைகளையும் நன்றாகப் பாடும் ஒரு மாணவியையும் சேர்த்து மேடையேற்ற நினைத்தேன். அதற்குப் பாட்டுத் தேடிப் பழக்கியபோது நான் நடந்துகொண்ட விதம் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

குரலும் கிளாரினெட்டும் இணையும் உருப்படிகள் ஐரோப்பிய இசையில் உண்டு. ஷூபர்ட் 1828இல், தன் கடைசி நாள்களில் எழுதிய 'பாறைமேல் இடையன்' அற்புதமானது. ஆனால் அதற்குப் பியானோவும் வேண்டும், மிக உயரம் போகும் குரலும் வேண்டும். அடுத்து அகப்பட்டது ஸ்ட்ராவின்ஸ்கியின் 'பூனைத் தாலாட்டுகள்'. முதல் உலகப் போர்க்காலத்தில், 1915-16இல், சுவிட்சர்லாந்தில் இருந்தபடி அவர் எழுதிய நான்கு சின்னஞ்சிறு பாட்டுகள். தாழ்ந்த பெண்குரலும் மூன்று கிளாரினெட்டும் போதும். சொற்கள் ரஷ்யக் கிராமத்து மக்களுடையவை.

அதில் சின்னக் கிளாரினெட்டும் பேஸ் கிளாரினெட்டும் வரும். எங்களிடம் இருந்தவை சாதாரண பி-ஃபிளாட் கிளாரினெட்டுகள். இராத்திரி கண்விழித்து அவற்றுக்கேற்ப மாற்றி எழுதினேன். ரஷ்யச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பழக்கினேன். மலைக் குளிரில் கிளாரினெட்டின் சுருதி இறங்கிவிடும். பிள்ளைகள் அதைச் சுவெட்டருக்குள் அணைத்து வைத்திருந்து, ஊதிச் சூடாக்கி, பிறகுதான் ஒத்திகைக்கு வருவார்கள்.

ஒருநாள் அந்த மாணவி கேட்டாள்: "சேர், இதுவும் தாலாட்டுத்தானே? எங்க அப்பாயி ஒண்ணு பாடும். அதையும் பாடவா?" பதிலுக்குக் காத்திராமல் பாடவும் தொடங்கினாள். ஐந்து கட்டைச் சுருதி. ஒரு பையன் யாரும் சொல்லாமலே கிளாரினெட்டை எடுத்து, அவள் சட்ஜத்தைக் கீழ் ஸ்தாயியில் பிடித்தான். அவன் விரலுக்கு அது 'ஏ'. அந்தக் கனமான நாதம் அவள் குரலைத் தாங்கி நின்றது. நாங்கள் எழுதிப் பழகிய எதுவும் அவ்வளவு நன்றாக ஒலித்ததில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது.

"அதெல்லாம் மேடைக்குச் சரிவராது" என்று நிறுத்திவிட்டேன்.

தெரியாமல் செய்ததாகச் சொல்ல எனக்கு வழியில்லை. சதிர் நடனக் கச்சேரியின் இசைக்குழுவான சின்ன மேளத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே முகவீணை என்ற சிறு ஊதுகருவியின் இடத்துக்குக் கிளாரினெட் வந்துவிட்டது. பாடுகிறவரின் குரலை ஒட்டி வாசிப்பதே அங்கே அதன் வேலை. கர்நாடக இசைக் கலைஞர் ஏ.கே.சி. நடராஜன் அதே கருவியைக் கச்சேரி மேடையின் நடுவில் உட்காரவைத்தார். சி.வி. வேலுப்பிள்ளை நம் தேயிலைத் தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என் அலமாரியில்தான் இருந்தது. ஸ்ட்ராவின்ஸ்கி தன் நாட்டுத் தாலாட்டை எடுத்ததை மெச்சிய நான், என் பிள்ளையின் தாலாட்டைத் தள்ளினேன்.

காரணம் வெட்கம். நானும் தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் பிறந்தவன்தான். ஊர் எது என்று கேட்டால் ஹட்டன் என்பேன். தோட்டத்தின் பெயர் வாயில் வராது. அந்த மெட்டை என் அம்மாயி பாடிக் கேட்டிருக்கிறேன். கொழும்பிலிருந்து வரும் விருந்தினர் முன்னால் அது ஒலித்தால், நான் எங்கிருந்து வந்தவன் என்பது வெளிப்பட்டுவிடும் என்று பயந்தேன்.

விழாவில் அவள் பிழையில்லாமல் பாடினாள். சபை கைதட்டியது. அதன்பிறகு வீட்டுப் பாட்டு எதையும் அவள் என் முன்னால் பாடவில்லை. எனக்குள் இருந்த வெட்கத்தை அவளுக்கும் கொடுத்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த மற்ற மூவருக்கும் சேர்த்துத்தான்.

வெகு காலம் கழித்து அவள் வீட்டுக்குப் போய் அப்பாயியைப் பாடச் சொல்லிக் கேட்டேன். "தொட்டில்ல பிள்ளை இல்லாம எப்படிய்யா பாடுறது?" என்றார். பக்கத்துக் காம்பராக் கைக்குழந்தையைக் கொண்டுவந்து கிடத்திய பிறகே பாடினார். அந்தத் தாலாட்டை, முதல் கிளாரினெட் குரலை ஒட்டிப் போகவும், மற்ற இரண்டும் சுருதி பிடிக்கவும் இப்போது எழுதி வைத்திருக்கிறேன். அதை மேடையேற்ற அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்கு முன் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டையும் இன்னும் கேட்கவில்லை.