சந்தைக்குப் போகலாம், பிள்ளையைக் கேட்கப் போகக்கூடாது

இந்தப் பதிவை எழுதுவதா விடுவதா என்று நீண்ட காலம் யோசித்திருந்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்குப் பிறர் பிழைகளை எழுதுவது இலகு. தன்னுடைய பங்கை எழுத உட்காரும்போதுதான் பேனா தயங்குகிறது.

சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில், எனது வீட்டிலிருந்து நான்காவது படலை அந்த அக்காவுடையது. பெயர் வேண்டாம். உறவுமுறையில் தூரத்துச் சொந்தம். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தபோது வன்னிக்குப் போனவர். 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் தன் மகனைக் கண்ணெதிரே கையளித்துவிட்டு, முகாமில் இருந்து, பின்னர் மகளுடன் ஊர் திரும்பினார். அன்றிலிருந்து அவருக்கு ஒரேயொரு வேலைதான். மகன் எங்கே என்று கேட்பது. ஆணைக்குழுக்களிடம் கேட்டார், செஞ்சிலுவைச் சங்கத்திடம் கேட்டார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தபோது அங்கேயும் போய் இருந்தார். சண்டிலிப்பாய்ச் சந்தியில் பஸ் ஏறி யாழ்ப்பாணம், அங்கிருந்து கிளிநொச்சி. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் தண்ணீர்ப் போத்தலும், பொலித்தீன் ஒட்டிய மகனின் படமும். மாதத்தில் இரண்டு மூன்று தடவைகள் இந்தப் பயணம் நடக்கும்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. எங்கள் அயலிலுள்ள தாவடியில்தான் குடாநாட்டின் முதல் நோயாளர் இனங்காணப்பட்டார். அந்தக் கிராமம் முற்றாக மூடப்பட்டது. ஊரடங்கு. ஒழுங்கையில் நாய்கூட நடமாடவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும், அந்நாட்களில் எனக்கும் பெரும் பயம் இருந்தது. எனக்கு நீரிழிவு. மருமகன் இலண்டனில் வைத்தியசாலை ஒன்றில் பணிபுரிபவர். அவர் தொலைபேசியில் சொன்ன கதைகளைக் கேட்டபின் இரவில் நித்திரை வராது. ஊரடங்கை மீறினார்கள் என்று நாடு முழுவதும் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் கைது செய்தனர். அந்த ஊரடங்கு எந்தச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்டது என்று சில சட்டத்தரணிகள் கேள்வி எழுப்பியபோது, 'இந்த நேரத்தில் இவர்களுக்கு வேறு வேலையில்லையா' என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கேள்வி தேவையான கேள்விதான் என்பது பின்னர் புரிந்தது. கையில் எடுக்கப்பட்ட பிரதான ஆயுதம் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். விந்தை என்னவென்றால், இந்தியாவின் கொள்ளைநோய்ச் சட்டமும் அதே 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமே. 1896இல் பம்பாயில் பரவிய பிளேக் நோயின் பின்னணியில் பிறந்தது அது. அந்த நோய்த்தடுப்பின் பெயரால் புனாவில் வீடுவீடாகப் புகுந்து நடந்த கெடுபிடிகள் மக்களைக் கொதிக்கவைத்தன. பிளேக் அதிகாரி ராண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில், 'கேசரி'யில் வெளிவந்த எழுத்துகளுக்காகத் திலகருக்கு ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் 18 மாதச் சிறை. நோய்த்தடுப்புக் காலத்தில் முதலில் அகப்படுபவர்களுள் பத்திரிகைக்காரனும் ஒருவன் என்பது எங்கள் தொழிலின் பழைய பாடம். நான் அதை மறந்திருந்தேன்.

இலங்கையின் அரசியலமைப்பில் 14(1)(ஆ) உறுப்புரை அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தைத் தருகின்றது. 15(7) பொதுச் சுகாதாரத்தின் பொருட்டு அதை மட்டுப்படுத்தவும் இடமளிக்கின்றது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 21ஆம் உறுப்புரையும் அப்படித்தான். ஆகவே தடை என்றாலே சட்டவிரோதம் என்று யாரும் வாதிட முடியாது. தடை நோயின் அளவுக்கு இருந்ததா, யாருக்கு இருந்தது, யாருக்கு இருக்கவில்லை என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

பார்ப்போமே! 2020 ஜூன் 9ஆம் திகதி, அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் கொல்லப்பட்டதைக் கண்டித்துக் கொழும்பில் முன்னிலை சோசலிசக் கட்சியினர் கூடியபோது, கொரோனாவைக் காரணங்காட்டிப் பொலிஸார் அவர்களை வாகனங்களில் தூக்கிப் போட்டனர். அடுத்த இரண்டு மாதங்கள் பொதுத் தேர்தல் பிரசாரக் கூட்டங்கள் நாடெங்கும் நடந்தன. ஓகஸ்ட் 5இல் வாக்களிப்பு. செப்ரெம்பரில் திலீபன் நினைவேந்தலுக்கு நீதிமன்றத் தடை. நவம்பரில் மாவீரர் நாளுக்குத் தடை. தடையுத்தரவு கோரிய விண்ணப்பங்களில் 'பயங்கரவாதம்' என்ற பழைய சொல்லுக்குப் பக்கத்தில் 'கொவிட்' என்ற புதிய சொல்லும் வந்து அமர்ந்துகொண்டது.

இதில் மக்கள் காட்டிய சமயோசிதத்தை நான் மெச்சாமல் இருக்க முடியாது. 2020 செப்ரெம்பர் 28ஆம் திகதி வடக்குக் கிழக்கில் ஹர்த்தால். யாழ். பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டதைக் கண்டித்து 2021 ஜனவரி 11இல் மீண்டும் ஹர்த்தால். கடைகளைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் இருப்பதற்கு எந்தத் தனிமைப்படுத்தல் சட்டமும் தடைபோட முடியாதல்லவா! வீட்டில் இரு என்று அரசாங்கம் சொன்னது, இருந்தார்கள். கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்த நாட்களில், 2020 டிசெம்பரில், பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் தனித்தனியாக வந்து வெள்ளைத் துணித்துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். கூட்டமில்லை, கோஷமில்லை, நெருக்கமில்லை. அந்தத் துணிகளும் இரவோடிரவாக அகற்றப்பட்டன. ஒரு துணித்துண்டிலிருந்து யாருக்கு நோய் தொற்றியிருக்கும்?

2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிய பேரணி, கிழக்கையும் வன்னியையும் கடந்து 7ஆம் திகதி பொலிகண்டியில் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்டோர், காணி அபகரிப்பு, ஜனாஸா எரிப்பு, மலையகத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாச் சம்பளம் எல்லாம் அதன் கோரிக்கைகளில் இருந்தன. தமிழரும் முஸ்லிம்களும் அப்படி ஒன்றாக நடந்ததை நான் என் தொழில் வாழ்க்கையில் அரிதாகவே கண்டிருக்கிறேன். வழிநெடுகப் பல பொலிஸ் பிரிவுகளில் கொவிட்டைக் காரணங்காட்டி நீதிமன்றத் தடைகள் பெறப்பட்டிருந்தன. பேரணி கிழக்கில் நடந்துகொண்டிருந்த 4ஆம் திகதி, கொழும்பில் 73ஆவது சுதந்திர தினத்துக்கு முப்படைகளின் அணிவகுப்பு. அங்கேயும் ஆட்கள் கூட்டமாகத்தான் நடந்தார்கள்.

அக்கா 7ஆம் திகதி போனார். நான் மறித்தேன். கேட்கவில்லை. பின்னர் எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு முகக்கவசங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போய், கண்டி வீதியோரத்தில் ஒரு மதிலோடு ஒதுங்கி நின்றேன். பத்திரிகைக்காரன் எப்போதும் வீதியோரத்தில் நிற்பவன்தான். ஆனால் அன்று நான் நின்றது தொழிலுக்காக அல்ல, பயத்தால். கூட்டத்துக்குள் முகக்கவசம் சரிந்தவர்களும் இருந்தார்கள், இல்லாதவர்களும் இருந்தார்கள். அதையும் எழுதவேண்டும். அக்கா வீதியின் இடது கரையால் தனியே, படத்தை நெஞ்சோடு பிடித்தபடி நடந்து போனார். என்னைக் கண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

மே மாதம் நிலைமை மோசமாகியது. திருமணங்கள் நின்றன. செத்தவீட்டுக்குப் பதினைந்து பேர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எண்ணிப் பார்ப்பார். முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு முந்திய இரவு, 17ஆம் திகதி, முல்லைத்தீவு மாவட்டத்தின் மூன்று பொலிஸ் பிரிவுகள் திடீரெனத் தனிமைப்படுத்தப்பட்டன. அங்கே தொற்று இருக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன், இருந்தது. ஆனால் நாட்காட்டியைப் பார்த்துப் பரவும் கிருமியை மருத்துவ நூல்கள் எதிலும் நான் வாசித்ததில்லை.

ஜூலையில் இந்தக் கதை தெற்கின் வாசலுக்கும் போனது. மறு அறிவித்தல்வரை ஆர்ப்பாட்டங்களுக்கும் கூட்டங்களுக்கும் இடமளிக்க வேண்டாமென்று சுகாதாரச் சேவைகள் பணிப்பாளர் நாயகம் பொலிஸ்மா அதிபருக்கு எழுதினார். 8ஆம் திகதி, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராக நாடாளுமன்றத்துக்கு அருகில் ஆர்ப்பாட்டம் செய்த இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் ஏனையோரும் கைதாகினர். நீதிமன்றம் பிணை வழங்கியது. பிணையில் வெளியே வந்தவர்களைப் பொலிஸார் பஸ்களில் பலவந்தமாக ஏற்றித் 'தனிமைப்படுத்தலுக்கு' அனுப்பினர். கொழும்பிலிருந்து எங்கே தெரியுமா? முல்லைத்தீவு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கு!

அந்த இடத்தை நான் அறிவேன். 2017 பெப்ரவரியில், பிலவுக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணிகளைக் கேட்டு அதே விமானப்படை முகாமின் முன்னால் இரவும் பகலும் வீதியில் கிடந்தபோது போய்ப் பார்த்தவன். பனியில் குழந்தைகளைச் சேலைத் தலைப்பால் மூடியபடி தாய்மார் இருந்தார்கள். ஒரு மாதத்தில் அந்தக் காணிகள் விடுவிக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளின் பின், கூடிக் கேட்டவர்களைக் கொண்டுபோய் அடைக்கும் இடமாக அந்த முகாம் மாறியிருந்தது. நோயைத் தடுப்பதுதான் நோக்கமென்றால் அவர்களை அவரவர் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் நெருக்கி ஏற்றிக் கொண்டுபோவதில் என்ன இடைவெளி இருந்தது? அதன்பின் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். ஊர்வலங்களும் ஓயவில்லை.

வேறு நாடுகளும் தடுமாறின. 2020 ஏப்ரலில் ஜேர்மனியின் கீசன் நகரில் ஒரு கூட்டத்துக்கு விதிக்கப்பட்ட தடையை அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒட்டுமொத்தமாக மறுக்காமல், எந்த நிபந்தனைகளோடு நடத்தலாம் என்று அதிகாரிகள் ஆராயவேண்டும் என்றது. அதே மாதம் தெல் அவிவில் ஆயிரக்கணக்கானோர் இரண்டு மீற்றர் இடைவெளியில் கோடு போட்டு நின்று ஆர்ப்பாட்டம் செய்தனர். இலண்டனில் 2021 மார்ச்சில், கொலையுண்ட சேரா எவரார்டுக்காகக் கூடிய பெண்களைப் பொலிஸார் கையாண்டவிதம் பெரும் சர்ச்சையாகியது. அந்த நிகழ்வை ஒழுங்குசெய்ய முயன்றவர்களின் உரிமைகளைப் பொலிஸார் மீறினர் என்று மறு ஆண்டு மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோடு போட்டு நிற்க எங்கள் தாய்மாருக்கும் தெரியும். நிவாரணத்துக்கு நின்று பழகியவர்கள்.

எங்கள் பகுதிக்கு இது புதிதுமல்ல. 1961 சத்தியாக்கிரகம் அவசரகாலச் சட்டத்தால் முடித்துவைக்கப்பட்டது. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி தீண்டாமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிஸார் தடியடியால் எதிர்கொண்டனர். நான் அப்போது சிறுவன். தலையில் கட்டுடன் ஊருக்குத் திரும்பிய ஒருவரைச் சந்தியில் கண்டது நினைவிருக்கிறது.

அக்காவிடம் வருகிறேன். 2021 ஓகஸ்ட் 20ஆம் திகதி நாடு மீண்டும் மூடப்பட்டது. ஓகஸ்ட் 30, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினம். முந்திய ஆண்டுகளில் அவர் தவறவிடாத நாள். மூன்று நாட்களுக்கு முன் படலையில் நின்று கேட்டார்.

"தம்பி, முப்பதாந் திகதி எப்பிடியும் போகவேணும். ஆரோ வாகனம் ஒழுங்கு செய்யினமாம். பாஸ் எடுக்க ஏலுமோ?"

"இந்த ஒரு வருசம் வேண்டாம் அக்கா. உங்கட வயசுக்கு வந்தால் தாங்கமாட்டியள்."

"சங்கக்கடைக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம், பிள்ளையைக் கேட்க மட்டும் போகக்கூடாதோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாதபோது பத்திரிகைக்காரர் செய்வதையே நானும் செய்தேன். நீளமாகப் பேசினேன். டெல்டா திரிபு, ஒட்சிசன் தட்டுப்பாடு, தடுப்பூசியின் இரண்டாவது தடவை என்று அடுக்கினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். "சரி தம்பி, நீ படிச்சனி" என்று சொல்லிவிட்டுப் போனார். போகவில்லை. 30ஆம் திகதி காலையில் வீட்டு விறாந்தையில் மகனின் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கேற்றி வைத்துவிட்டு, மத்தியானம் வரை அப்படியே இருந்ததாக மகள் சொன்னாள்.

செப்ரெம்பர் இரண்டாம் வாரம் காய்ச்சல் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆறாம் நாள் முடிந்துவிட்டார். எங்கே தொற்றியது? சங்கக்கடையிலா, மருந்துக்கு நின்ற வரிசையிலா, ஒருவருக்கும் தெரியாது. உடல் வீட்டுக்கு வரவில்லை. கோம்பயன்மணலில் எரித்தார்கள். மகளும் மருமகனும் மட்டும் தூரத்தில் நின்றார்கள். நான் போகவில்லை.

நான் சொன்ன ஆலோசனை பிழையென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. போயிருந்தால் அங்கேயே தொற்றியிருக்கலாம். ஆனால் அவருக்கு மிஞ்சியிருந்த கடைசி முப்பதாந் திகதியை வீட்டு விறாந்தையில் இருத்தியவர்களில், வர்த்தமானியோடு நானும் ஒருவன் என்பது மாறாது.

அடுத்த ஆண்டு ஊரடங்குகளையும் அவசரகாலத்தையும் தாண்டித் தெற்கில் சனம் காலிமுகத்திடலில் திரண்டது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 30இல் அக்காவின் மகள் கைக்குழந்தையோடு இருந்தபடியால், துணிப்பையை என்னிடம் தந்தாள். சண்டிலிப்பாய்ச் சந்தியில் பஸ் ஏறினேன். கிளிநொச்சியில் தாய்மாருக்கு நடுவே எப்படி நிற்பதென்று தெரியாமல், வழக்கம்போல் ஓரமாக நின்றேன். ஒரு முதிய தாய் படத்தைக் கண்டு அருகில் வந்தார்.

"இது சண்டிலிப்பாய் அக்கான்ர பெடியன் எல்லோ. அவ வரேல்லையோ?"

சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. படத்தை என் கையிலிருந்து வாங்கித் தன் படத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வரிசையில் போய் இருந்தார்.