அப்பா குத்தாமல் மடித்துப் போட்ட சீட்டு

எங்க ஊருக்கு வந்தவங்களுக்குத் தெரியும், தாமிரபரணி ஆத்தங்கரையில சேர்மன் அருணாசல சுவாமி கோவில் இருக்கு. போன வாரம் கோவில் பக்கத்து டீக்கடையில உக்காந்திருந்தேன். பழைய கட்சிக்காரர் ஒருத்தர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், பக்கத்துல வந்து உக்காந்தார்.

"தம்பி, வர்ற தேர்தல்ல என்ன செய்யப் போறிய?"

"தெரியல அண்ணாச்சி. நீங்க?"

"எனக்கும் தெரியலடே. அம்பது வருசமா கையி தானாப் போயி விழுந்த எடம். இப்பம் கையி நடுங்குது."

டவுன்ல இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கிராமத்தான்னா காசு வாங்கிட்டு ஓட்டுப் போடுவான், இல்லேன்னா சாதி பார்த்துப் போடுவான், அதுவும் இல்லேன்னா எம்ஜிஆர் படத்தைப் பார்த்துப் போடுவான்னு டிவியில பேசுறாங்க. அப்படிப் போடுறவங்க இல்லைன்னு நான் சொல்லல. ஆனா யாருக்குப் போடுறதுன்னு ராத்திரி தூக்கம் வராமக் கிடந்தவங்களும் இங்க உண்டு. அதுல ஒருத்தர் எங்க அப்பா.

எங்க வீடு ரெட்டை இலை வீடு. 1973ல திண்டுக்கல் இடைத்தேர்தல்ல மாயத்தேவர் அந்தச் சின்னத்துல நின்னு ஜெயிச்சதுல இருந்து அப்பாவுக்கு வேற சின்னம் கிடையாது. ஆச்சிக்கு அதுக்குத் தனிக் காரணம். "சாமி இல்லன்னு சொல்லுதவனுக்கு நான் போட மாட்டேன், இவரு மூகாம்பிகைக்கு வாளு குடுத்தவரு" என்பாள். கோவில், குடும்பம், பெரியவங்க பேச்சு, இதுக்கெல்லாம் மரியாதை குடுக்கிற கட்சி இதுதான்னு எங்க வீட்ல ஒரு நம்பிக்கை. 1984 டிசம்பர் தேர்தலப்ப எம்ஜிஆர் அமெரிக்காவுல புரூக்ளின் ஆஸ்பத்திரியில கிடந்தார். பிரச்சாரத்துக்கே வராத மனுஷனை ஆண்டிபட்டிக்காரங்க ஜெயிக்க வச்சாங்க. அன்னைக்கு அப்பா விடிகாலையில குளிச்சு, திருநீறு பூசிட்டு ஓட்டுப் போடப் போனது எனக்கு நல்லா நினைவிருக்கு.

1987 டிசம்பர் 24. எம்ஜிஆர் போயிட்டார். எங்க வீட்ல அன்னைக்கு அடுப்பு எரியல.

அதுக்குப் பிறகு நடந்ததை இளவட்டங்களுக்காகச் சுருக்கமாச் சொல்றேன். இறுதி ஊர்வலத்துல வண்டியில ஏறி நின்ன ஜெயலலிதாவைக் கீழே தள்ளினாங்க. 1988 ஜனவரியில ஜானகி அம்மா முதல்வரானாங்க. 28ஆம் தேதி நம்பிக்கை ஓட்டெடுப்பு நடந்தப்ப சட்டசபைக்குள்ளேயே அடிதடி. 30ஆம் தேதி ஆட்சியைக் கலைச்சுட்டாங்க. ஒரு வருஷம் கவர்னர் ஆட்சி. கட்சி ரெண்டாப் போச்சு, ரெட்டை இலையை முடக்கிட்டாங்க. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு ரெட்டைப் புறா. 1989 ஜனவரி 21 தேர்தல்.

எனக்கு அப்பதான் 21 வயசு. அப்ப ஓட்டு வயசும் 21தான், 18 ஆக்கினது அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு. ஆக எனக்கு அது முதல் ஓட்டு.

பொங்கல் முடிஞ்ச வாரம். பிசானம் நெல்லு வயல்ல நிக்கு. வீட்டுக்குள்ள சண்டை. அம்மா புறா. "கட்டுன பொண்டாட்டிக்கு இல்லாத உரிமையா? அவரு கடைசிவர கஞ்சி ஊத்துனது யாரு?" அண்ணன் சேவல். "எம்மா, அந்த அம்மாவுக்கு மேடையில நாலு வார்த்தை பேச வருதா? கட்சிய யாரு காப்பாத்துவா?" ரெண்டு பேரும் பேசுறதை நிறுத்தி, மாசி பிறந்த பிறகுதான் திரும்பப் பேசினாங்க.

அப்பா மட்டும் ஒண்ணும் சொல்லல. கேட்டா, "ஜானகி அம்மா நல்ல மனுசி. ஆனா சுத்தி இருக்கவன்தான் ஆளுதான். இந்தப் பிள்ளைக்குத் தைரியம் இருக்கு. ஆனா யாரு சொல்லையும் கேக்காது போலிருக்கே" என்பார். ரெண்டு பேர்கிட்டயும் குறை அவருக்குத் தெளிவாத் தெரிஞ்சுது. அதுதான் சிக்கலே. குறை தெரியாதவன் எளிசாப் போட்டுட்டு வந்துருவான்.

நான் சேவலுக்குப் போட்டேன். பெரிய யோசனை ஒண்ணும் இல்லை, அண்ணன் சொன்னான்.

முடிவு உங்களுக்குத் தெரியும். பதிமூணு வருஷம் கழிச்சு திமுக ஆட்சிக்கு வந்தது. ஜெயலலிதா அணிக்கு 27 இடம். ஆண்டிபட்டியில ஜானகி அம்மாவே தோத்துட்டாங்க. புறா சின்னத்துல ஜெயிச்சவங்கள்ல ஒருத்தர் நம்ம பக்கத்து சேரன்மாதேவி பி.எச்.பாண்டியன். அடுத்த மாசமே ஜானகி அம்மா ஒதுங்கிக்கிட்டாங்க, கட்சி ஒண்ணாச்சு, இலையும் திரும்பக் கிடைச்சுது. இந்த ஒதுங்கல் ஒரு மாசம் முன்னாடி நடந்திருந்தா என்னன்னு அண்ணன் ரொம்ப நாள் புலம்பினான்.

அப்பா யாருக்குப் போட்டார்ங்கிறது மட்டும் இருபத்தி மூணு வருஷம் யாருக்கும் தெரியாது. 2012ல படுக்கையில விழுந்தார். ஒருநாள் மத்தியானம் நான் கால் அமுக்கி விட்டுட்டு இருந்தப்ப அவராச் சொன்னார்.

"ஏல, அன்னைக்கு நான் ஒண்ணுலயும் குத்தலல."

"என்னப்பா சொல்லுதிய?"

"முத்திரைய மையில ஒத்திக் கையில வச்சிக்கிட்டு நின்னேன். தாள்ல மேலயும் கீழயும் பாக்கேன், ரெட்டை இலை இல்ல. இதுல குத்துனா அவளுக்குத் துரோகம், அதுல குத்துனா இவளுக்குத் துரோகம்னு தோணிச்சு. வெறுஞ் சீட்ட மடிச்சிப் பெட்டிக்குள்ள போட்டுட்டு வந்துட்டேன். விரல்ல மை இருந்துச்சா, நீங்க யாரும் கேக்கல."

கொஞ்ச நேரம் கழிச்சு, "அது தப்புல" என்றார். "நான் யாருக்கும் துரோகம் பண்ணலைன்னு நெனச்சேன். என் தலையெழுத்த அடுத்தவன எழுதச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அந்த வருஷமே போயிட்டார். அடுத்த வருஷம், 2013ல, சுப்ரீம் கோர்ட் சொல்லி நோட்டா பட்டன் வந்தது. அப்பா செஞ்சதுக்கு அரசாங்கமே ஒரு பட்டன் வச்சுக் குடுத்துருச்சேன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், மிச்சவங்கள்ல அதிகம் வாங்கினவர்தான் எம்எல்ஏ. வெறுஞ்சீட்டு வெறுஞ்சீட்டுதான்.

இப்ப என் கதைக்கு வர்றேன். 2016 டிசம்பர் 5 ஜெயலலிதா போனதும் எனக்கு அப்பாவோட 1988 திரும்ப வந்துருச்சு. 2017 பிப்ரவரியில ஓபிஎஸ் மெரினாவுல சமாதி முன்னால கண்ணை மூடி உக்காந்தார். மார்ச்ல இலையைத் திரும்பவும் முடக்கினாங்க. ஆகஸ்ட்ல ஈபிஎஸ்ஸும் ஓபிஎஸ்ஸும் கை கோத்தாங்க, நவம்பர்ல இலை வந்தது. டிசம்பர்ல ஆர்.கே. நகர்ல தினகரன் குக்கர் சின்னத்துல ஜெயிச்சார். எங்க அண்ணன் அன்னைக்கே குக்கர் பக்கம் போயிட்டான். 2022 ஜூலையில பொதுக்குழு கூடி ஓபிஎஸ்ஸை நீக்கினாங்க. மூணு தடவை முதல்வரா இருந்தவர், 2024ல ராமநாதபுரத்துல பலாப்பழத்துல நின்னார். அதே பேர்ல இன்னும் சில பன்னீர்செல்வங்களும் நின்னாங்க. சின்னம் இல்லாமப் போனா ஒரு மனுஷன் கதி என்ன ஆகுதுன்னு பார்த்துக்கோங்க.

எனக்கு வெறும் பங்காளிச் சண்டை மட்டும் பிரச்சனை இல்லை. 2018 மே 22 தூத்துக்குடியில துப்பாக்கிச் சூடு. 13 பேர் செத்தாங்க. எங்க மாவட்டம். அன்னைக்கு நான் ஏத்திவிட்ட வாழைத்தார் லோடு பாதி வழியில திரும்பி வந்தது. டிவியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்னு முதல்வர் ஈபிஎஸ் சொன்னப்ப, ரெட்டை இலைக்காரனான எனக்கே முகத்தை எங்க வைக்கன்னு தெரியல. அதே ஆட்சிதான் அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம் குடுத்தது. 2021 பிப்ரவரியில கூட்டுறவு பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி பண்ணினதும் அவங்கதான். அதுல என் கடனும் போச்சு. ஒரு கையில தள்ளுபடி, இன்னொரு பக்கம் 13 உயிர். இதை எந்தத் தராசுல வச்சு நிறுக்க?

2021ல இலைக்குத்தான் போட்டேன். பெருமையாச் சொல்லல. பழக்கமும் கடன் தள்ளுபடியும் சேர்ந்து போட வச்சுது. அதுக்காக அண்ணன் என்கிட்ட ஒரு வருஷம் முகம் குடுத்துப் பேசல.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் பாலம் உடைஞ்சு, பஜாருக்குள்ள ஆறு ஓடுச்சு. என் வாழை மொத்தமும் சாஞ்சு மண் மூடிப் போச்சு. நாலு மாசத்துல, ஏப்ரல் 19, பார்லிமென்ட் தேர்தல். பூத்துக்குள்ள போனேன். எல்லார் மேலயும் கோவம். விரல் நேரா நோட்டாவுக்குத்தான் போச்சு. தொடுறதுக்கு முன்னாடி, முத்திரையைக் கையில வச்சிட்டு நிக்கிற அப்பா நினைப்பு வந்தது. விரலை எடுத்துட்டேன். யாருக்குப் போட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு ஆளுக்குப் போட்டேன்.

எங்க ஆச்சி ஒண்ணு சொல்லுவா. எங்க சேர்மன் சாமி 1906ல இருந்து 1908 வரை நிஜமாவே இந்த ஊருக்குச் சேர்மனா இருந்தவர். நேர்மையா இருந்தார்ங்கிறாங்க. 28 வயசுலயே ஆடி அமாவாசை அன்னைக்கு அடக்கமானார். இன்னைக்கும் அந்த நாள்ல லட்சக்கணக்குல ஜனம் வருது. ஆச்சி சொல்லுவா, "பதவியில இருந்தும் குத்தம் இல்லாம இருந்தவரு ஒருத்தரு, அவரு சாமியாப் போயிட்டாரு. மிச்சம் நிக்கதெல்லாம் மனுசங்கதான்." சின்ன வயசுல சிரிச்சிருக்கேன். இப்ப அதுதான் எனக்குப் பிடிமானம். நாம பூத்துக்குள்ள சாமியைத் தேடுறோம், அங்க இருக்கிறது மனுஷங்க பட்டியல்.

வாழைக்கன்று எடுக்கிறப்ப இதையே அப்பா சரியாச் செய்வார். கிழங்குல கூன்வண்டு ஓட்டை இருந்தா உடனே தூக்கி எறிய மாட்டார். அரிவாளால அந்த இடத்தைச் சீவிப் பார்ப்பார். ஓட்டை மேலோட நின்னா செதுக்கிட்டு நடுவார். குருத்து வரைக்கும் போயிருந்தா, எவ்வளவு பெரிய கன்றா இருந்தாலும் வேண்டாம். நட்ட பிறகும் வாரம் ஒருக்கா போய்ப் பார்ப்பார். ஒண்ணுமே நடாம வயலைச் சும்மா போட்டதில்லை. வயல்ல தெரிஞ்ச நிதானம் அன்னைக்குப் பூத்துல அவருக்கு வரல. மனசு அப்படி.

அடுத்து வர்றது சட்டமன்றத் தேர்தல். நான் இந்தத் தடவை தலைவர் படத்தைப் பார்க்கப் போறதில்லை, சின்னத்தையும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கப் போறேன். நிக்கிற ஆளுகளோட குறை மேலோட நிக்கா, குருத்துக்குப் போயிருச்சான்னு சீவிப் பார்க்கணும். தப்பு நடந்தப்ப ஒத்துக்கிட்டாரா, இல்லை டிவியைக் கை காட்டுவாரா? கடைமடையில தண்ணி வரலைன்னு நான் போய் நின்னா, வீட்டு வாசல்ல நிக்க வச்சுப் பேசவாவது செய்வாரா? இதுக்கு ரெண்டு பேரும் தேற மாட்டாங்கன்னும் ஆகலாம். அப்ப குறைச்சலா அழுகினது எதுன்னு பார்த்துப் போடுவேன். போட்டுட்டு வாரம் ஒருக்கா போய்ப் பார்ப்பேன்.

டீக்கடை அண்ணாச்சிகிட்ட அப்பா கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. எந்திரிச்சுப் போறப்ப, "ஒங்க அப்பா மட்டும்னு நெனச்சியாடே?" என்றார். வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு நடந்துட்டார்.

அண்ணன்கிட்டயும் கேட்கணும்னு இருக்கேன், 1989ல அவன் நிஜமாவே சேவலுக்குத்தான் போட்டானான்னு. இன்னைக்கு மடை முறை எங்களுது. ரெண்டு பேரும் வரப்புல இருப்போம். கேட்டுட்டு வந்து சொல்றேன்.