ஆலப்புழா: கால்வாய் நகரத்துக்கு இரண்டு நாள் பயணம்

தை அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும்போது, 'பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போய் வரலாமா?' என்ற பேச்சு விவசாய வீடுகளில் எழும். மாடு, கன்றை அதிக நாள் அடுத்தவர் பொறுப்பில் விட முடியாது. இரண்டு நாளில் திரும்பிவிட வேண்டும், செலவும் கைக்குள் அடங்க வேண்டும். அப்படிப்பட்ட குடும்பத்துக்குத் தோதான ஊர் கேரளாவின் ஆலப்புழா. அங்கே போகிற விவசாயிக்குக் கண்ணுக்கு விருந்தோடு, வயலுக்கான பாடமும் கிடைக்கும்.

எப்படிப் போவது?

சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை பகுதியினருக்குச் சென்னையிலிருந்து வரும் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் வசதி. இரவில் ஏறினால் காலையில் இறங்கலாம். தேனி, கம்பம் பகுதியினர் குமுளி வழியாகக் கோட்டயம் சென்று, அங்கிருந்து அரசுப் படகிலேயே ஆலப்புழா போகலாம். சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். படகு ஓடும் நேரத்தை முதல் நாளே படகுத்துறையில் விசாரித்துக்கொள்வது நல்லது.

முதல் நாள்... நகரம்

1762-ம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு துறைமுகமாக உருவாக்கிய ஊர் இது. பின்னர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் ஊரை வளர்த்தார். மிளகு, ஏலம், கொப்பரை, கயிறு எல்லாம் வேம்பநாட்டு ஏரி வழியாகப் படகில் வந்து, கடலில் நிற்கும் கப்பலுக்குப் போக வேண்டும். அதற்காக வெட்டப்பட்டவைதான் ஊருக்கு நடுவே ஓடும் இரண்டு கால்வாய்கள். அவற்றின் கரையில் காலாற நடந்தால் பழைய பண்டகசாலைகளைப் பார்க்கலாம்.

கொச்சித் துறைமுகம் பெரிதானதும் ஆலப்புழாவின் வணிகம் படுத்துவிட்டது. கடற்கரையில் பழைய கப்பல் பாலத்தின் தூண்கள் மட்டும் மிச்சம். பக்கத்திலேயே 1862-ல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. தென்னை விவசாயிகள் கலவூரில் கயிறு வாரியம் நடத்தும் அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. தமிழ்நாட்டுத் தென்னை நார் இன்றைக்கும் கேரளக் கயிறுத் தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நார் என்னென்ன பொருளாக மாறுகிறது என்பதை அங்கே பார்க்கலாம்.

இரண்டாம் நாள்... வயல்

ஆலப்புழா என்றதும் எல்லோரும் கேட்பது படகு வீடு. அதில் ஓர் இரவு தங்க ஆகும் செலவு சிறு விவசாயிக்குப் பாரம்தான். அதே தண்ணீரில் அரசுப் படகுகளும் ஓடுகின்றன. நெடுமுடி, காவாலம் போகும் படகில் ஏறினால், சில பத்து ரூபாயில் பள்ளிப் பிள்ளைகளோடும் சந்தைக்குப் போகிறவர்களோடும் உட்கார்ந்து குட்டநாட்டைப் பார்த்து வரலாம். படகு வீட்டுக்கே மூலம், நெல் ஏற்றிய 'கெட்டுவள்ளம்'தான். ஆணி அடிக்காமல், அயினிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் கட்டிச் செய்த படகு அது.

படகில் உட்கார்ந்தவர் கண்ணில் முதலில் படும் அதிசயம், தண்ணீர் மேலேயும் வயல் கீழேயும் இருப்பதுதான். குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தவை. சில இடங்களில் 2 மீட்டருக்கும் மேல் தாழ்வு. சேறு, மணல், மூங்கில், தென்னைமரம் கொண்டு வரப்பு கட்டி, ஏரியிலிருந்து மீட்ட நிலங்களும் இவற்றில் உண்டு. தண்ணீரில் மூழ்கிச் சேறு அள்ளியவர்கள் நிலமில்லாத கூலித்தொழிலாளர்கள். இந்த விவசாய முறையை ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013-ல் உலக வேளாண் பாரம்பர்யமாக அங்கீகரித்தது.

மழைக்காலம் முடிந்ததும் வயலில் நிற்கும் தண்ணீரை வெளியே இறைத்த பிறகே விதைப்பு. முன்பு மனிதர்கள் காலால் மிதித்துச் சுற்றும் சக்கரம் இறைத்தது. பிறகு 'பெட்டியும் பறையும்' என்ற இறைப்பு இயந்திரம் வந்தது. மரப்பெட்டியும் உருளையும் கொண்ட அந்த அமைப்பை வரப்போரங்களில் இப்போதும் காணலாம். ஒருவர் வயலை மட்டும் தனியாக இறைக்க முடியாது. வரப்பு ஓரிடத்தில் உடைந்தால் அத்தனை பேர் பயிரும் மூழ்கும். அதனால் 'பாடசேகரம்' என்ற குழுவாகச் சேர்ந்து, இறைப்பையும் வெளிவரப்பையும் பொதுவில் பார்த்துக்கொள்கிறார்கள். ஏரி, வாய்க்கால் பராமரிப்பில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் ஊர்களுக்கு இது பார்த்து வர வேண்டிய ஏற்பாடு.

உப்பைத் தடுத்த கதவு

நேரம் இருந்தால் சேர்த்தலா பக்கம் உள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணைக்கும் போய் வரலாம். கோடையில் கடலின் உப்புநீர் ஏரிக்குள் ஏறி நெல்லைக் கெடுக்காமல் இருக்க, 1976 முதல் இது பயன்பாட்டில் இருக்கிறது. பொதுவாக டிசம்பர் மத்தியில் கதவுகளை மூடி, புஞ்சை நெல் தேறிய பிறகு திறக்கிறார்கள்.

நெல் பிழைத்தது. ஆனால், மூடிய மாதங்களில் கடலிலிருந்து மீன், இறால் வரத்து தடைப்படுகிறது. ஆற்றுக் கொஞ்சு முட்டையிட உப்புநீர் பக்கம் போக முடிவதில்லை. உப்புநீரில் கருகிப்போகும் ஆகாயத்தாமரை, இப்போது கால்வாய்களில் அடர்ந்து கிடக்கிறது. வயலின் உர, மருந்துக் கழிவுகளும் வெளியேற வழியில்லாமல் தேங்குகின்றன. கதவைச் சீக்கிரம் திறக்கச் சொல்கிறார்கள் மீனவர்கள். அறுவடை முடியட்டும் என்கிறார்கள் விவசாயிகள். இருவருக்கும் அது வயிற்றுப்பிழைப்பு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இரு தரப்பாரின் வீடுகளும் மூழ்கின.

கவனத்தில் கொள்ள...

ஜனவரி, பிப்ரவரியில் போனால் பச்சைப் பயிரையும், மார்ச்சில் அறுவடையையும் பார்க்கலாம். அறுத்த வயலில் வாத்து மேய்வதும் அப்போதுதான். பள்ளி விடுமுறை, பண்டிகை நாள்களில் அறை வாடகை ஏறும். ரயில் நிலையம் கடற்கரைப் பக்கமும், படகுத்துறை பேருந்து நிலையத்தை ஒட்டியும் இருப்பதால், முதல் நாள் கடற்கரை, மறுநாள் படகு என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். தொப்பி, குடிநீர் அவசியம். வரப்பில் இறங்கி நடக்க விரும்பினால், அங்கு வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் விவசாயி என்று தெரிந்தால், மொழி அரைகுறையாக இருந்தாலும் பேச்சு தானாக வளரும்.