ஷீட்டுக் கூரையும் தப்புக் கணக்கும்

கம்பெனி பேர் வேண்டாமே, ப்ளீஸ்! திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்குமே, அந்த ரோட்டில் எங்கேயோ என்று வைத்துக் கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே டைம் ஆபீஸில் நான் கிளார்க். எந்த செக்‌ஷனில் எத்தனை பெட்டி முடிந்தது என்று தினமும் சார்ட் போடுவது என் உத்தியோகம். ஏ.ஸி. ரூம், சுழல் நாற்காலி, பதினோரு மணிக்கு டீ. ராஜ வாழ்க்கை!

ஒரு மே மாதம் மானேஜர் கூப்பிட்டார்.

''பேக்கிங் செக்‌ஷன்ல காலைல கோடு மேல போகுது, மத்தியானம் தொபுக்கடீர்னு விழுதே... ஏன்யா? ஒரு நோட் போடு.''

போட்டேன். ஏ.ஸி. குளிருக்கு ஃபுல் ஷர்ட் பட்டனைப் போட்டுக்கொண்டு, 'மதிய உணவுக்குப் பிறகு சுறுசுறுப்பு இல்லை. கண்காணிப்பு தேவை' என்று இங்கிலீஷில் வெளுத்துக் கட்டினேன். கூடவே, ரொம்ப மெதுவாக வேலை செய்கிறவர் என்று ஒரு பெரியவர் பேரையும் சேர்த்தேன். அந்த வருஷம் அவருக்கு இன்க்ரிமென்ட் கட். 'நோட் பிரமாதம்' என்று எனக்குப் பாராட்டு.

அடுத்த மே மாதம் எங்கள் ரூமுக்குப் பெயின்ட் அடித்தார்கள். 'பத்து நாள் எங்கேயாவது ஒண்டிக்கோ' என்று என் மேஜையைத் தூக்கிப் போட்ட இடம்... அதே பேக்கிங் செக்‌ஷன்!

தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கத்திரி வெயில் அதன் வழியாக வடிகட்டாமலே இறங்கும். மொத்த செக்‌ஷனுக்கும் ஒரே ஒரு ஸ்டாண்ட் ஃபேன். தேர்தல் வேட்பாளர் மாதிரி எல்லோரையும் பார்த்துத் தலையாட்டியதே தவிர, யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. வேர்வை உலர்ந்தால்தான் சார் உடம்பு குளிரும். எங்கள் பக்கம் காற்றில் கடல் ஈரம். வேர்வை வழியும், உலராது. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் ஷெட்டைத் தாண்டிப் போய் வர வேண்டும். ஐந்து நிமிஷம் காலி.

மூன்றாம் நாள், மத்தியானம் ரெண்டரை மணி. ஓவர்டைம் கூட்டிக் கொண்டிருந்தேன். ஒருவருக்கு 14 மணி நேரம். நான் எழுதியது 41! மானேஜர் போனில் எகிறினார்.

''தூங்கிட்டியாய்யா?''

''இல்ல சார்... இங்க ரொம்ப வெயில்... கை ஓடல...''

சொல்லிவிட்டுத்தான் எனக்கே சுருக்கென்றது. இதையேதானே அந்தப் பெரியவரும் சொல்லியிருப்பார்? அவரை யார் கேட்டது?

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே அவரேதான். தன் ஸ்டூலை நகர்த்திவிட்டு, ஃபேனுக்கு நேராக இடம் விட்டார்.

''சார், நீ இப்பிடி ஃபேனாண்ட வந்து குந்து சார். எங்களுக்குப் பயக்கம்.''

இன்க்ரிமென்ட் போனதற்கு யார் நோட் காரணம் என்று அவருக்குத் தெரியாது. நான் எழுந்து போய் அவர் விட்ட இடத்தில் உட்கார்ந்தேன். காற்று வந்தது. எனக்குத்தான் குளிரவில்லை.

இது நான் கண்டுபிடித்த சங்கதி ஒன்றுமில்லை. எங்கள் வட சென்னைக்கு நூறு வருஷமாகத் தெரிந்த கதை. பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் சேர்ந்து 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியனை ஆரம்பித்தபோது, பி.பி.வாடியாவிடம் அவர்கள் சொன்ன முக்கியமான குறை என்ன தெரியுமோ? மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற அரை மணி நேரம் போதவில்லை என்பது! அன்றைக்கும் ஏதோ ஒரு கிளார்க், 'சாப்பிட்டுவிட்டு லேட்டாக வருகிறார்கள்' என்று நோட் போட்டிருப்பார்.

நம் நாட்டுத் தொழிற்சாலைகளின் கணக்கை அலசி 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. வருஷ சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் உற்பத்தி சுமார் 2 சதவிகிதம் குறைகிறதாம். குளிர்சாதனம் போட்ட இடங்களில் செய்கிற வேலை அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால், லீவு போடுவது மட்டும் நிற்கவில்லை. நிற்குமா? ராத்திரி தூங்கப் போகிற வீட்டுக்கு யார் ஏ.ஸி. போட்டார்கள்?

பத்தாம் நாள் இரண்டாவது நோட் எழுதினேன். கனமான பெட்டிகளைக் காலையிலேயே முடித்துவிடலாம், லேபிள் ஒட்டுவதை மத்தியானம் வைத்துக் கொள்ளலாம், ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன், செக்‌ஷனுக்குள்ளேயே ஒரு தண்ணீர்ப் பானை. மானேஜர் முனகிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். ''உன் 41 மணி நேரத்தைவிட இது சீப்புய்யா!''

அதற்கப்புறம் என் சார்ட்டில் மத்தியானக் கோடு தொபுக்கடீர் என்று விழவில்லை. கண்காணிக்க ஒரு ஆளையும் போடவில்லை.

அந்தப் பெரியவரின் இன்க்ரிமென்ட் மட்டும் திரும்பி வரவேயில்லை. கேட்டுப் பார்த்தேன். 'போன வருஷ ஃபைல் முடிஞ்சு போச்சு' என்றார்கள். அவர் ரிடையரான அன்றைக்கு, மாலை போட்டபோது, 'அந்த நோட்டை எழுதினது நான்தான்' என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

''இன்னா சார், இப்பிடி வேர்க்குது உனக்கு?'' என்று தோள் துண்டால் எனக்கு விசிறினார்.

சொல்லவில்லை.

உங்கள் ஆபீஸிலும் யாரையாவது பற்றி நோட் போடச் சொல்வார்கள். தாராளமாகப் போடுங்கள். ஆனால், பேப்பரையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர் சீட்டிலேயே போய் உட்கார்ந்து எழுதுங்கள். மே மாதம், மத்தியானம் ரெண்டரை மணிக்கு!