வறட்டு இருமலும் வளரும் அச்சமும்

அச்சத்திற்கு ஓர் இயல்பு உண்டு. அது பலவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்றையே இறுகப் பற்றிக்கொள்ளும். இருமல் நீடிக்கும்போது, பகலில் ஆயிரம் காரணம் சொல்லும் மனம், இரவில் ஒரே ஒரு நோயின் பெயரைத்தான் சொல்லும். சிலருக்கு அது காசநோய், சிலருக்குப் புற்றுநோய்.

பேசுவதையே பணியாகக் கொண்ட நமக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வறட்டு இருமல் ஒன்று வந்து சேர்ந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, உடல் இளைக்கவுமில்லை. தொண்டைக்குள் எறும்பு ஊர்வது போன்ற அரிப்பு. அதைத் தொடர்ந்து பேச்சையே முறித்துவிடும் இருமல். சுக்கு, மிளகு, அதிமதுரம் என்று அன்பர்கள் சொன்னவை யாவும் உட்கொண்டாயிற்று. இரண்டு வாரம் கடந்ததும் மருத்துவமனையில் பரிசோதித்துக்கொண்டோம். எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் தெளிவாக இருந்தது.

அன்றிரவு நன்றாக உறங்கினோம். மறுநாள் இரவோ, படத்தில் தெரியாத ஏதேனும் இருக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. நம் தந்தையார் நுரையீரல் நோயால் இருமி இருமியே மறைந்தவர். அவருடைய இருமலின் ஒலியை நம் இருமலிலும் கேட்கத் தொடங்கினோம். கைக்குட்டையில் இரத்தக் கறை தேடுவது வழக்கமாயிற்று. உற்றுக் கவனிக்கக் கவனிக்க இருமலும் மிகுந்தது.

எட்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலையே மருத்துவர்கள் நாட்பட்ட இருமல் என்பர். எட்டாம் வாரம் கடந்தபின் நம்மைப் பார்த்த மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். மூக்கிலிருந்து தொண்டையின் பின்புறமாக வடியும் நீர் இருமலைத் தூண்டலாம். ஆஸ்துமா, இளைப்பின்றி இருமலாக மட்டுமே வெளிப்படலாம். இரைப்பையின் அமிலம் மேலேறி, நெஞ்செரிச்சல் இல்லாமலேயே இருமச் செய்யலாம். வைரஸ் காய்ச்சல் நீங்கிய பின்னும் இருமல் பல வாரம் தங்கலாம். காதில் அடைத்த குரும்பிகூட ஒரு நரம்பின் வழியாக இருமலை எழுப்பலாம்!

பின்னர் அவர் கேட்டார்: “ஃபாதர், வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள்? எப்போதிலிருந்து?”

இரத்த அழுத்தத்திற்காக எனலாப்ரில் என்னும் மாத்திரையைத் தொடங்கிய சில நாள்களில்தான் இருமலும் தொடங்கியிருந்தது. இவ்வகை மாத்திரைகள் பிராடிகைனின் என்னும் பொருள் உடலில் சிதைவதைத் தடுக்கின்றன. தேங்கும் அப்பொருள் மூச்சுக்குழலின் நரம்புகளைச் சீண்டுகிறது எனக் கருதப்படுகிறது. அவர் வேறு வகை மாத்திரை எழுதித் தந்தார். மூன்று வாரத்தில் இருமல் நின்றது. தாமாகவே மாத்திரையை நிறுத்துவோர்க்கு இரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து உண்டு என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

எல்லா இருமலும் இவ்வாறு எளிதாய் முடிவதில்லை. சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் எடை குறைதல், மூச்சுத்திணறல், நீங்காத குரல் கம்மல் ஆகியவை தோன்றினால் தாமதம் கூடாது. இருமல் இரண்டு வாரம் நீடித்தாலே காசநோய்க்கான பரிசோதனை வேண்டும். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் அப்பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோர்க்கு ஆறு மாதச் சிகிச்சையில் அந்நோய் குணமாகிறது. எனினும், அயலார் என்ன நினைப்பரோ என்று இருமலை முந்தானையில் மறைக்கும் தாய்மார் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்களைத் தடுப்பதும் அச்சமே.

ஒருவரை மருத்துவர்தோறும் ஓட வைப்பதும், இன்னொருவரை ஒரு மருத்துவரிடமும் செல்லவிடாமல் தடுப்பதும் அதே அச்சம்தான். இருவருக்கும் உதவக்கூடியது ஒரு சிறு தாள். இருமல் தொடங்கிய நாள், அது மிகும் நேரம், உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்கள், குடும்பத்தில் இருந்த நோய்கள் ஆகியவற்றை அதில் எழுதுவோம். மனத்தை உறுத்தும் அந்த ஒரு பெயரையும் மறைக்காமல் எழுதி, மருத்துவரின் கையில் கொடுப்போம்.