ஒரு மணிநேரத் தொலைவு

கீழக்கரையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். அந்தக் கடலுக்கு அப்பால்தான் உம்மாவின் லாத்தா வாழ்ந்தார். 1962இல் கொழும்புக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், பின்பு மீண்டும் ரயில் என்று அந்த மணப்பெண் போன வழியை உம்மா இன்றும் சொல்வார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது.

கடந்த ஆண்டு ஒரு நாள் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பெரியம்மா மௌத்தாகிவிட்ட செய்தி வந்தது. மதுரையிலிருந்து புறப்படும் பிற்பகல் விமானத்தில் இடம் கிடைத்தது. பெரியம்மாவின் மகன் தொலைபேசியில், “சாச்சி, நீங்க வந்து முகம் பார்க்கும்வரை வைத்திருக்கட்டுமா?” என்று கேட்டார். உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வேண்டாம் வாப்பா. லுஹருக்கே அடக்கிடுங்க. எனக்காகப் பிந்தக் கூடாது” என்றார். ஜனாஸாவைத் தாமதிக்கலாகாது என்பது நபிவழி என்று அறிந்திருந்தும், அதை உடன்பிறந்தவள் விஷயத்தில் வாயால் சொல்வது எத்தனை பாரம் என்பதை அன்றுதான் கண்டேன்.

எங்கள் கரைக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 260 கிலோமீட்டர்தான். நாங்களோ கடலுக்கு முதுகைக் காட்டி, மதுரை விமான நிலையத்துக்குச் சுமார் 130 கிலோமீட்டர் காரில் போக வேண்டும். அங்கிருந்து கட்டுநாயக்க 350 கிலோமீட்டர். பறப்பது ஒரு மணிநேரம் அளவே. வரைபடத்தில் அந்தப் பாதைக்குக் கோடு இழுத்தால் அது சாயல்குடிப் பக்கமாகக் கடலில் இறங்குகிறது. காலையில் விட்டு வந்த ஊரின் அயல் வானத்திலேயே திரும்பவும் பறக்கிறோம்! (சன்னலோர இருக்கையை உம்மாவுக்குத் தந்தேன். அவர் வெளியே பார்க்கவே இல்லை.)

காரிலேயே லுஹரை அஸருடன் சேர்த்துத் தொழ நிய்யத் வைத்திருந்தார். விமானம் உயர்ந்தபோது தஸ்பீஹை நிறுத்திவிட்டு, “ஒரு மணிநேரப் பயணத்துக்கும் கஸ்ர் உண்டா? லாத்தா போனபோது ஒரு பகலும் ஓர் இரவும் ஆச்சே” என்று கேட்டார். எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில் கணக்கு நேரத்தில் இல்லை, தொலைவில்தான் இருக்கிறது. இரண்டு மர்ஹலா, இன்றைய அளவில் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடலும் தரையைப் போன்றதே, அந்தத் தூரத்தை ஒருவர் கடலில் சிறுபொழுதில் கடந்தாலும் கஸ்ர் செய்யலாம் என்பதை இமாம் நவவி தம் மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். பாய்மரக் கப்பல்களின் காலத்தில், ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் எழுதியது. இதைச் சொன்னேன். “அப்போ இதுவும் பயணம்தான்” என்று மட்டும் சொன்னார்.

கொழும்பு வீட்டை அடைந்தபோது அடக்கம் முடிந்து ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பியிருந்தார்கள். அழுதபடி வந்த பெண்களை அணைத்து ஸலாம் சொல்லிவிட்டு, உம்மா உளூச் செய்யப் போனார். மூன்றாம் நாளே திரும்ப எண்ணியிருந்ததால் சலுகை அங்கும் இருந்தது. லாத்தாவின் தொழுகைப் பாயையே விரிக்கச் சொல்லி, லுஹரை இரண்டாகவும் அஸரை இரண்டாகவும் தொழுதார். கடைசி ஸஜ்தாவிலிருந்து எழ வெகுநேரம் ஆயிற்று.