சயனைடு மேடும் சேற்றுயிர்களின் பெயரேடும்

திங்கள், சாம்பியன் ரீஃப்

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் கோலார் தங்கவயலை விட்டு அகலாதவை சயனைடு மேடுகள். அரைத்த தாதுக்கல்லைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மாவு போன்ற மண்ணே இவ்வாறு குவிந்தது. காற்று பலமாக வீசும் நாள்களில் அது வீட்டுத் திண்ணைவரை வந்து படிகிறது. தங்கச் சுரங்கக் கழிவுநீரின் சயனைடைப் பாக்டீரியாக்களைக் கொண்டு சிதைக்கும் பெரிய ஆலை 1984-இல் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் இயங்கத் தொடங்கியது. அந்தப் பாக்டீரியா எது என்னும் கேள்விக்குக் கிடைத்த விடை நிலைக்கவில்லை.

செவ்வாய், ராபர்ட்சன்பேட்டை

அவ்வாலையில், கழிவுநீரில் ஒரு பகுதி அமிழ்ந்து சுழலும் வட்டுகளின்மேல் வழவழப்பான படலமாக வளர்ந்த பாக்டீரியாக்கள் சயனைடையும் தயோசயனேட்டையும் சிதைத்து அம்மோனியாவாக்க, அதனை வேறு வகையின நைட்ரேட்டாக மாற்றின. முதற்பணியைச் செய்தது ‘சூடோமோனாஸ் பாசிமொபிலிஸ்’ எனப் பதிவாயிற்று. 1990-இல் யாபுச்சி குழுவினர், செல்லில் ஸ்பிங்கோலிப்பிடு என்னும் கொழுப்பு இருப்பதையும் மரபணு ஒப்பீட்டையும் சான்றாகக் கொண்டு, இச்சிற்றினத்தை ‘ஸ்பிங்கோமோனாஸ்’ என்னும் புதிய பேரினத்துக்கு மாற்றினர். சூடோமோனாஸ் என்பது அதுவரை, இடம் தெரியாத கோலுருப் பாக்டீரியாக்களையெல்லாம் ஏற்றிவைக்கும் பரணாகவே இருந்தது எனலாம்.

புதன்

சுரங்கத்துக்கும் கழிவுநீர்ச் சேற்றுக்கும் உள்ள உறவு இதனினும் பழையது. மான்செஸ்டரில் கில்பர்ட் ஃபௌலரும் மம்ஃபோர்டும் 1913-இல் ஆராய்ந்த ‘எம்.7’, நிலக்கரிச் சுரங்க நீரிலிருந்து கிடைத்த, இரும்பை வீழ்படிவாக்கும் பாக்டீரியா. மறு ஆண்டே ஃபௌலரின் தூண்டுதலால் ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும், காற்றூட்டிய கழிவுநீரில் நுண்ணுயிர்கள் திரண்டு உருவாகும் சேற்றை வெளியேற்றாமல் அடுத்தடுத்த சுற்றுகளுக்கும் பயன்படுத்தி, சுத்திகரிப்புக்கு வேண்டிய காலத்தை வாரங்களிலிருந்து ஒரு நாளுக்குள் சுருக்கினர். ஃபௌலர் 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தார்.

வியாழன்

இன்றைய நடைமுறையில், ஒரு பாக்டீரியாவின் புரதம் செய்யும் ரைபோசோமுக்குரிய, ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்ட 16எஸ் மரபணு, அறியப்பட்ட இனங்களோடு 98.7 விழுக்காட்டுக்கும் குறைவாக ஒத்திருந்தால் அந்தப் பாக்டீரியா புதிய சிற்றினம் எனக் கருதப்படும். அளவு அதற்கு மேற்பட்டால் முழு மரபணுத்தொகுதியை ஒப்பிட்டு, 95 முதல் 96 விழுக்காட்டை எல்லையாகக் கொள்வர். ஆயினும் எண் மட்டும் போதாது. தனித்து வளர்த்த மாதிரியை இரு வேறு நாடுகளின் வைப்பகங்களில் ஒப்படைத்தால்தான் பெயர் செல்லும். இந்தியாவில் சண்டிகரிலும் புணேயிலும் அத்தகைய வைப்பகங்கள் உள்ளன. சேற்றில் கூடி வாழ்பவற்றுள் பல தனித்து வளர்வதில்லை என்பதால், பாஸ்பரஸைச் சேமிக்கும் ‘அக்யூமுலிபாக்டர்’ போன்றவை ‘கேண்டிடேட்டஸ்’ என்னும் முன்னொட்டுடன் தற்காலிகப் பெயரில் நிற்கின்றன. மரபணுத் தொடரையே சான்றாக ஏற்கும் ‘சீக்கோட்’ விதித்தொகுப்பு 2022-இல் வெளிவந்தது. அது வேண்டிய சலுகையே. எனினும் சயனைடு மேட்டு மண்ணில் வளர்ப்பு கிடைக்கும்போது அதனை ஒப்படைக்காமல் விடுவதற்கு அது சாக்காகாது. ஆய்வகக் குளிர்பெட்டி பழுதானால், அதிலிருந்த உயிரோடு அதைப் பற்றிய கூற்றைச் சோதிக்கும் வழியும் போய்விடும்.

வெள்ளி

பெங்களூருவில் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு முடிந்த நீர் 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் குழாய்வழி வருவதால், சேற்றுயிர்களின் அடையாளம் இங்கு ஏட்டுச் செய்தியாக மட்டும் இல்லை. சேறு படியாமல் மிதக்கக் காரணமான இழைப் பாக்டீரியாக்களை, வளர்க்க இயலாத நிலையில் நுண்ணோக்கித் தோற்றத்தைக் கொண்டே, நெதர்லாந்தின் ஐக்கெல்பூம் 1975-இல் எண்ணிட்டு வகைப்படுத்தினார். ‘021என்’ என்னும் வகையில் செல்கள் உறையின்றி நீண்ட சங்கிலியாகக் கோத்திருக்கும். சல்பைடு கலந்த நீரில் சிறிது நேரம் வைத்தால், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கந்தகத் துளிகள் பளிச்சென ஒளிரும். அதன் வளர்ப்புகளுள் ஒரு சிற்றினம் 1999-இல் ‘தயோத்ரிக்ஸ் ஐக்கெல்பூமியை’ எனப் பெயர் பெற்றது. பட்டியலின் வேறு சில எண்கள் தொடர்பற்ற பல இனங்களை ஒரே தோற்றத்தின்கீழ் அடக்கியிருந்தன என்பது பின்னாளைய மரபணு ஆய்வுகளில் வெளிப்பட்டது.